பிரார்த்தனைக்குக் கொறடா கிடையாது

'ஒன்றாகக் கும்பிடுகிறவர்கள் ஒரே சின்னத்தில்தான் குத்த வேண்டும்; மாற்றிக் குத்துபவரின் பக்தி பொய்' என்று சிலர் வாதிடுகிறார்கள். சாமி கும்பிடாமல் ஒரு நாளையும் தொடங்காதவன் நான். இந்த வாதத்தை அடியோடு மறுக்கிறேன்.

ராஜாஜியைவிடவா பக்திமான் வேண்டும்? ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய நடையில் எழுதி வீடுதோறும் சேர்த்தவர். அவர்தான் 1967 தேர்தலில், கடவுள் மறுப்பாளரான பெரியாரிடமிருந்து பிரிந்துவந்த அண்ணாவின் தி.மு.க.வோடு கூட்டணி கண்டு காங்கிரஸை வீழ்த்தினார். அந்த அரசியல் கணக்கு சரியா, தவறா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். (எனக்கே அதில் உடன்பாடில்லாத இடங்கள் உண்டு.) அதற்காக அவருடைய பக்தியைப் பொய் என்பீர்களா?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-ஆவது பிரிவைப் படியுங்கள். எங்களுக்கு வாக்களிக்காவிட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வேட்பாளர் தரப்பு வாக்காளரை நம்பவைத்தால், அது தேர்தல் முறைகேடு. அந்த வெற்றியே செல்லாமல் போகலாம்.

நியாயமாக நடக்கும் மனத்தைக் கொடு என்றுதான் கடவுளிடம் கேட்கிறேன். அந்த மனத்தோடு விலைவாசியையும் அரசுப் பள்ளியையும் பார்த்து நானே முடிவெடுக்கிறேன். அதில் என் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர் என்னோடு முரண்படலாம். நாளைக் காலையிலும் நாங்கள் ஒரே சந்நிதியில்தான் நிற்போம். அவரை வெளியேற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?