குழாய் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்

சகோதரிகளே, எங்கள் அத்தானுக்கு முதலில் சட்டைப் பித்தான் போட வரவில்லை, அவ்வளவுதான். வாதமாக இருக்கும் என்று அக்கா தைலம் தேய்த்து விட்டாள். 4 மாதத்தில் கை சூம்பிப் போச்சு, பேச்சும் குழறியது. பரிசோதனையெல்லாம் முடிந்து நரம்பு டாக்டர் சொன்ன பெயர், மோட்டார் நியூரான் நோய். தசைகளை அசைய வைக்கிற நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து போகுமாம். பூரண குணத்துக்கு மருந்தில்லை.

"இனிமே செய்யறதுக்கு என்னடி இருக்கு?" என்று அக்கா அழுதாள்.

நிறைய இருந்தது! பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர், மூச்சு டாக்டர், உடற்பயிற்சி நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், உணவு ஆலோசகர் என்று எல்லோரும் ஒரே நாளில் பார்த்து, கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அயர்லாந்தில் இப்படிச் சேர்ந்து கவனிக்கப்பட்டவர்கள், சாதாரண நரம்பு மருத்துவப் பிரிவுக்குப் போனவர்களைவிடச் சுமார் ஏழரை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

தண்ணீர் குடித்தால் அத்தானுக்குப் புரையேறும். கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கி, மோவாயைத் தாழ்த்தி விழுங்கச் சொன்னார்கள். காலையில் தலைவலி என்றார். இரவில் மூச்சு போதவில்லை என்று கண்டுபிடித்து, முகமூடி வைத்த சின்ன மெஷின் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம் என்றபோது மட்டும் நான் குறுக்கே விழுந்தேன். "வாயால சாப்பிடற மனுஷனுக்குக் குழாய் எதுக்கு? ஆசையா சாப்பிடட்டுமே" என்றேன். 3 மாதம் தள்ளிப் போட்டோம். அதற்குள் 8 கிலோ இளைத்து, மூச்சும் தளர்ந்து, குழாய் வைப்பதே ஆபத்தாகி விட்டது. எப்படியோ பிழைத்தார். மூச்சு நன்றாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும், அப்புறமும் டாக்டர் அனுமதித்தால் ருசிக்காக வாயில் கொஞ்சம் கொடுக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அந்த 3 மாதம் இன்னும் என் மனசை அறுக்கிறது.

இப்போது அத்தானுக்குப் பேச்சு இல்லை. அட்டையில் எழுத்துக்களை எழுதி வைத்திருக்கிறோம், கண்ணாலேயே காட்டுவார். முந்தாநாள் அக்கா கெட்டியாக்கின காப்பியை ஒரு ஸ்பூன் கொடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினார்: "சர்க்கரை கம்மி." எத்தனையோ நாளைக்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கை சூம்பினாலோ, பேச்சு குழறினாலோ தைலத்தோடு நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். குழாய், மெஷின் என்றால் பயந்து என்னைப்போல் தடுக்காதீர்கள். "எப்போது வைத்தால் நல்லது?" என்று கேளுங்கள்.