வாசலில் நின்று கேட்கும் இசைவு



ஹவாய்த் தீவுகளின் தாய்மொழிவழிப் பள்ளிகள் பலவற்றில், காலையில் மாணவர் நேரே வகுப்பினுள் நுழைந்துவிடுவதில்லை. வாசலில் வரிசையாக நின்று, உள்ளே வர இசைவு வேண்டி ஓர் 'ஓலி' ஓதுவர். உள்ளிருந்து ஆசிரியர் மறு ஓலியால் அழைத்த பின்னரே நுழைவர். ஓலி என்பது ஆட்டமின்றிக் குரலால் ஓதப்படுவது. (நம் 'ஒலி'யோடு உறவு கற்பித்துவிட வேண்டா, அது தற்செயல்.) ஹூலா ஆடற்கூடங்களில் வழிவழியாக வந்த முறை இது.

அறிவு தம்மை வந்தடையக் கேட்கும் 'எ ஹோ மை' என்பதையும் ஓதுவதுண்டு. அது பன்னூறாண்டுப் பழமையுடையதன்று. ஹிலோவில் ஆசிரியராகவும் இருந்த எடித் கனகஓலே (1913–1979) இயற்றியது. மரபு நம் பாட்டிமார் காலத்திலும் பிறக்கும் போலும்!

இக்காலை வழக்கம் அம்மக்களுக்கு அணிகலன் அன்று. 1896இல் ஆங்கிலமே பயிற்றுமொழி எனச் சட்டம் வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1980களின் தொடக்கத்தில், அம்மொழியைச் சரளமாகப் பேசிய சிறார் 50 பேர்கூட இல்லை என்பர். 1984இல் காவாயித் தீவின் கெக்காஹாவில் முதல் 'பூனானா லெயோ' பாலர்பள்ளி திறக்கப்பட்டது. 'குரல்களின் கூடு' என்பது அதன் பொருள். தடைச்சட்டம் 1986இல்தான் தளர்ந்தது. பெற்றோர் அதுவரை காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும் என்னை உறுத்துவது, அங்கே ஆசிரியர் மறுமொழி ஓதியே ஆகவேண்டும் என்பதுதான். பிள்ளை கேட்கிறது, ஆசிரியர் செவிமடுத்து விடையளிக்கிறார். நம் சபைகூடலில் நாட்டுப்பண், பள்ளிப்பண் முடிந்ததும் நகம், தலைமுடி, கட்டண நிலுவை பற்றிய அறிவிப்புகள் தொடர்கின்றன. வகுப்பிலோ, "வ...ண...க்...க...ம் ஆசிரியர்" என்று பிள்ளைகள் இழுக்க, வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமலே "அமருங்கள்" என்கிறேன். எத்தனை ஆண்டுகளாகவோ!

ஹவாய் ஓலியை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து மேடையேற்றலாமே என்றார் நண்பர் ஒருவர். எனக்கு உடன்பாடில்லை. அது அவர்தம் மண்ணுக்கும் முன்னோருக்கும் உரியது. அரைமணிப் பாடவேளையில் இதற்கெல்லாம் நேரமேது என்றார் இன்னொருவர். வணக்கத்திற்கு வணக்கம் சொல்ல எத்தனை நிமிடம் வேண்டும்?

சென்ற திங்கள்கிழமை முதல் வகுப்பு வாசலில் நிற்கிறேன். ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி வணங்கி உள்ளே அழைக்கிறேன். முதல்நாள் சிரித்தார்கள். நேற்று ஒரு மாணவன் என் முறை வரும்வரை நகராமல் நின்று, "ஆசிரியர், என்னைக் கூப்பிடவில்லையே" என்றான்.