நாய்க்குப் பிரம்பு எதற்கு?

'அடியாத மாடு படியாது' என்பது பழமொழி. மாட்டுக்குச் சொன்னதை மனிதன் நாய்க்கும் சேர்த்துக்கொண்டான். சொன்னதைச் செய்யாத நாய்க்கு அடி. செய்த நாய்க்கு? ஒன்றும் இல்லை! உலகத்தின் பல பாகங்களிலும் நெடுங்காலமாக நாய்களைப் பழக்கிய முறை இதுதான்.

இந்த முறை தவறு. வேலை செய்யும் நாய்களுக்கு மிகப் பெரிய தவறு.

திருடனைத் தேடும் போலீஸ் நாய், வெடிகுண்டை மோப்பம் பிடிக்கும் நாய், நிலத்தில் புதைந்த கண்ணிவெடியைக் காட்டும் நாய், இடிந்த வீட்டுக்குள் சிக்கியவரைக் கண்டுபிடிக்கும் நாய் ஆகிய இவை எல்லாம் வேலை செய்யும் நாய்கள். இவை தவறு செய்தால் மனித உயிர் போகும். அல்லது, குற்றம் செய்யாதவன் கையில் விலங்கு ஏறும். ஆகவே, இந்த நாய்களை எப்படிப் பழக்குவது என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வி.

புறா கற்றுக்கொடுத்த பாடம்

ஸ்கின்னர் (1904-1990) என்பவர் அமெரிக்க விஞ்ஞானி. எலிகளையும் புறாக்களையும் வைத்து அவர் ஆராய்ச்சி செய்தார். அவர் காட்டிய உண்மை மிக எளியது. ஒரு காரியத்தைச் செய்த உடனே நல்ல பலன் கிடைத்தால், பிராணி அந்தக் காரியத்தை மறுபடியும் செய்யும்!

அவரிடம் படித்தவர்கள் கெல்லர் பிரேலண்டு, மரியன் பிரேலண்டு என்ற கணவன் மனைவி. பிராணிகளைப் பழக்குவதையே அவர்கள் தொழிலாக வைத்துக்கொண்டார்கள். 1955-ம் ஆண்டில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு காட்சிசாலையைத் திறந்தார்கள். அங்கே கோழி நடனம் ஆடியது. வாத்து பியானோ வாசித்தது. பார்க்க வந்தவர் காசு போட்டால் ஆட்டம் தொடங்கும். ஆட்டம் முடிந்ததும் இயந்திரமே தீனி போடும். அடி இல்லை. அதட்டல் இல்லை. பழக்கிய மனிதர் பக்கத்தில் நிற்கவும் இல்லை!

'டிக்' என்ற ஒலி

பரிசு கொடுத்தால் மட்டும் போதாது. அதைச் சரியான நேரத்தில் கொடுக்கவேண்டும்.

நாய் நூறு அடி தூரத்தில் இருக்கிறது. 'படு' என்கிறார் பயிற்சியாளர். நாய் படுக்கிறது. அவர் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அதற்குள் நாய் எழுந்துவிட்டது. இப்போது பிஸ்கட் கொடுத்தால், எழுந்ததற்குத்தான் பரிசு என்று நாய் கற்றுக்கொள்ளும்.

இதற்கு வழி ஒரு சிறு ஒலி. கையில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் விளையாட்டுச் சாமானை இதற்குப் பயன்படுத்தலாம் என்று 1951-ம் ஆண்டிலேயே ஸ்கின்னர் எழுதினார். முதலில், 'டிக்' என்றதும் தீனி கொடுக்கவேண்டும். இப்படிப் பல தடவை செய்தால், ஒலி கேட்டாலே தீனி வரும் என்று நாய் புரிந்துகொள்ளும். பிறகு, நாய் சரியாகச் செய்யும் அதே நொடியில் 'டிக்' என்று ஒலித்தால் போதும். தீனி சற்றுத் தாமதமாக வரலாம்.

கடலில் வாழும் டால்பின்களை விசில் ஊதிப் பழக்குவதும் இப்படித்தான். தண்ணீருக்கு மேலே துள்ளும் டால்பினுக்கு அந்த நொடியிலேயே மீன் ஊட்ட முடியுமா?

கையிலிருந்து வராத பரிசு

இன்று இன்னொரு கருவியும் இருக்கிறது. அது தீனி நிரப்பிய ஒரு சிறு பெட்டி. தூரத்தில் நின்று பொத்தானை அழுத்தினால், பெட்டி ஒலி எழுப்பித் தீனியை வெளியே தள்ளும். தீனிக்குப் பதிலாகப் பந்தை வெளியே தள்ளும் கருவியும் உண்டு.

கையால் கொடுத்தால் என்ன குறை? பரிசு கையிலிருந்து வந்தால், நாய் கையையே பார்க்கும். மோப்ப நாயின் மூக்கு வாசனை வரும் இடத்தில் அல்லவா நிற்கவேண்டும்?

எஜமானின் முகத்தைப் படிப்பதில் பிராணிகள் மகா கெட்டிக்காரர்கள். ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஒரு காலத்தில் ஊரே வியந்தது. 1907-ம் ஆண்டில் ஆராய்ச்சி உண்மையைக் காட்டியது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது. கேள்வி கேட்பவரின் தலை சிறிது அசைவதைப் பார்த்து, காலால் தட்டுவதை அது நிறுத்தியது. தலை அசைவது கேட்டவருக்கே தெரியாது!

2011-ம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 18 மோப்ப நாய்களைச் சோதித்தார்கள். ஒரு கட்டடத்தில் சில இடங்களில் பொருள் இருப்பதாகப் பயிற்சியாளர்களிடம் சொன்னார்கள். உண்மையில் ஒன்றும் இல்லை. ஆனால், பெரும்பாலான சோதனைகளில் 'நாய் கண்டுபிடித்துவிட்டது' என்று பயிற்சியாளர்கள் சொன்னார்கள். பொருள் இருப்பதாக மனிதன் நம்பியதே காரணம்.

இது சோதனையாகப் போனது. ஒருவனுடைய வீட்டிலே, ஒருவனுடைய பெட்டியிலே இப்படி நடந்தால்?

அதனால்தான் பரிசு, பொருள் இருக்கும் இடத்திலேயே வரவேண்டும். பல டப்பாக்களை வரிசையாக வைக்கிறார்கள். ஒன்றில் மட்டும் வாசனைப் பொருள். எந்த டப்பா என்று நாயைப் பிடித்து வருபவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்த வேறொருவர் நாயின் கண்ணில் படாமல் நிற்கிறார். நாயின் மூக்கு சரியான டப்பாவில் நிலைத்ததும் அவர் பொத்தானை அழுத்துகிறார். அங்கேயே பரிசு வந்து விழுகிறது. நாய் முகத்தை மறந்து மூக்கை நம்பக் கற்றுக்கொள்கிறது.

பயம் வேண்டாமா?

'பரிசு கொடுப்பது லஞ்சம் அல்லவா?' என்று சிலர் கேட்பார்கள். வேலைக்கு முன்னால் காட்டினால் அது லஞ்சம். வேலை முடிந்ததும் கொடுத்தால் அது கூலி. வேலை நன்றாகப் பழகிய பிறகு, ஒவ்வொரு தடவையும் தீனி வேண்டியதில்லை. அவ்வப்போது கிடைத்தாலே நாய் உற்சாகமாக உழைக்கும்.

'கொஞ்சம் பயமும் வேண்டும்' என்பார்கள். பெல்ஜியம் நாட்டு இராணுவ நாய்களைப் பற்றி 2008-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நன்றாக வேலை செய்யாத நாய்களின் பயிற்சியாளர்களே அதிகக் கடுமை காட்டியவர்கள் என்று அதில் தெரிந்தது. 2020-ம் ஆண்டில் போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களைச் சோதித்தார்கள். கடுமையாகப் பழக்கிய நாய்களிடம் கலக்கத்தின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டையை வேல்ஸ் நாடு 2010-ம் ஆண்டிலேயே தடை செய்தது.

பயந்த நாய் அடிக்குத் தப்பவே வழி தேடும். கண்ணிவெடி தேடும் நாய் அப்படி ஒரு தடவை ஏமாற்றினால், அடுத்த அடி எடுத்து வைப்பவரின் கால் போகும்!

செய்யவேண்டியது என்ன?

கருவி மட்டும் வித்தை அல்ல. தவறான நேரத்தில் பொத்தானை அழுத்தினால், நாய் தவறையே கற்றுக்கொள்ளும். முதலில் பழக்கவேண்டியது பயிற்சியாளரின் கண்ணையும் கையையும்தான். மோப்ப நாய்களை வைத்திருக்கும் ஒவ்வொரு துறையும் இந்தப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கவேண்டும். விடை தெரியாத பயிற்சியாளரோடு நாயை அடிக்கடி சோதித்துப் பார்க்கவேண்டும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே பாடம். இயந்திரம் வாங்கவேண்டியதில்லை. கூப்பிட்டதும் ஓடி வந்தால், அந்த நொடியிலேயே 'சபாஷ்' என்று சொல்லி, ஒரு துண்டு ரொட்டி கொடுத்தால் போதும். தாமதமாக வந்ததற்காக அடித்தால், வந்ததற்கே அடி என்று நாய் நினைக்கும். மறுநாள் வராது. நாயைப் பழக்க வெளியே விடுபவர்கள், 'எப்படிப் பழக்குவீர்கள்?' என்று முதலில் கேட்கவேண்டும். பிரம்பைக் காட்டுபவரிடம் நாயை விடக்கூடாது.

உழைத்தவனுக்கு உடனே கூலி கொடுக்கவேண்டும் என்பது மனிதருக்குள் பழைய நியாயம். மனிதனுக்காக உயிரைப் பணயம் வைக்கும் நாய்க்கும் அந்த நியாயம் உண்டு.