கறுப்புத் திரை வந்தால் கார்ட் பழுது என்று அர்த்தமில்லை



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி போடுவதென்றால் டீ.பீ.எம். 2.0 வேண்டும், இன்டெல் ப்ரொசெசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலிப் பக்கத்திலும் நான் பார்த்த கொம்பியூட்டர்களில் அநேகமானவை இதற்குத் தேறாது. புத்தளத்திலிருந்து மீளக்குடியேறியபோது லொறியில் வந்தவை, கொழும்பில் யாரோ கழித்து அன்பளிப்பாகத் தந்தவை. என்ன செய்கிறோம்? பழைய இரும்புக்குப் போடுகிறோம். இல்லையென்றால் கிராக் பண்ணிய விண்டோஸை ஏற்றுகிறோம்.

கிராக் விசயத்தில் நாம் ரொம்பத் தாராளம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, பதிப்புரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஆவில் பாதுகாக்கப்பட்டவை, அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து கிராக் போடும்போது அதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வழி லினக்ஸ். அதைச் சொன்னதும் வரும் பதில்: "அதையும் போட்டுப் பார்த்தோம் சேர், திரை கறுத்துப் போச்சு. கார்ட் பழுது." கடையில் புதுக் கார்ட் வாங்கச் சொல்கிறார்கள். பல நேரம் அந்தக் கார்ட்டில் ஒரு பழுதும் இல்லை. ஃபெர்ம்வெயார் இல்லை, அவ்வளவுதான்.

கிராஃபிக்ஸ் கார்ட்டுக்குள்ளும் சிறிய ப்ரொசெசர்கள் இருக்கின்றன. கரண்ட் வந்தவுடன் அவற்றுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ட்ரைவர்தான் அவற்றுக்குரிய சிறிய ப்ரோகிராமை ஏற்றிவிட வேண்டும். விண்டோஸில் அது ட்ரைவரோடு சேர்ந்தே வருவதால் நமக்குத் தெரிவதில்லை. லினக்ஸில் ஏ.எம்.டி. ரேடியன் ட்ரைவர் கேர்னலுக்குள் இருக்கிறது. ஃபெர்ம்வெயார் மட்டும் "லினக்ஸ்-ஃபெர்ம்வெயார்" என்று தனியே கிடைக்கும். பழைய இன்டெல் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

இதைப் படிக்க நல்ல இடம், 1999இல் ஜெராட் பீக்மன்ஸ் தொடங்கிய லினக்ஸ் ஃப்ரொம் ஸ்க்ரச். மூலநிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கொம்பைல் செய்து நாமே சிஸ்டத்தைக் கட்டுவது. அதில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. ஃபெர்ம்வெயார் கோப்பைச் சரியான கோப்புறையில் வைத்திருப்பார்கள். ஆனால் ட்ரைவரைக் கேர்னலுக்குள்ளேயே கட்டியிருப்பார்கள். அந்த ட்ரைவர், ஹார்ட் டிஸ்க் திறக்கப்படும் முன்னரே கோப்பைத் தேடும். கிடைக்காது. டாங்கியைக் கரையில் வைத்துவிட்டு வள்ளத்தைத் தள்ளி, எஞ்சின் பழுது என்பது போல. ட்ரைவரை மொடியூலாகக் கட்டினால் சரி. இல்லாவிட்டால் கேர்னல் கன்ஃபிக்கில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து உள்ளேயே சேர்க்கலாம். எந்தக் கோப்பு என்று ஊகிக்கத் தேவையில்லை. "நோமோட்செட்" கொடுத்து பூட் செய்தால் எழுத்துத் திரையாவது வரும். முன்பு தோற்ற பூட்டின் பதிவில் கேட்ட கோப்பின் பெயரோடு "எரர் -2" என்று இருக்கும். கோப்பு இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இந்த ஃபெர்ம்வெயாரின் மூலநிரலைக் கம்பனி தருவதில்லை, ஆகவே பாவிக்கக் கூடாது என்று ஒரு சாரார் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. டெபியன்காரர்கள் இதைப் பற்றி வருடக்கணக்கில் வாதாடி, 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் இன்ஸ்டோலரோடு ஃபெர்ம்வெயாரையும் சேர்த்துவிட்டார்கள். கிராக்குக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: மாற்றாமல் பிரதி எடுக்கவும் பகிரவும் ஏ.எம்.டி.யே அனுமதி தந்திருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்க முடியாது. என்விடியா இன்னும் ஒரு படி மேல். 2014இல் வந்த அதன் 900 வரிசையிலிருந்து கம்பனி கையொப்பமிட்ட ஃபெர்ம்வெயாரைத்தான் கார்ட் முழுமையாக ஏற்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு துண்டு இன்னும் விற்றவன் கையில்தான் இருக்கிறது. ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும். பாடப்புத்தக வரைவிலக்கணத்தை மனனம் பண்ணித் தெரிய வராது.

ஆகவே என் அபிப்பிராயம்: உயர்தரத்தில் ஐ.சி.ரி. செய்யும் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் டிசம்பர் விடுமுறைக்கு ஒரு பழைய கொம்பியூட்டரைக் கொடுத்து, முழுவதையும் கட்ட விட வேண்டும். பழைய ப்ரொசெசரில் கொம்பைல் இரவிரவாக ஓடும், நடுவில் கரண்ட் போகும், போகட்டும்.

வீட்டுப் பாவனைக்கு இது வேண்டாம். டெபியனோ லினக்ஸ் மின்டோ போதும். பாமினியில் அடித்த வினாத்தாள்கள் லிப்ரே ஒபிஸில் திறக்கும், எழுத்துருவைப் போட்டிருக்க வேண்டும். அட்டவணைகள் சில இடங்களில் குலையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரை வராத கொம்பியூட்டர் யார் வீட்டிலாவது இருந்தால், இரும்புக்குப் போட முன் மூடியைத் திறந்து கார்ட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படம் எடுத்துக் கொமன்டில் போடுங்கள். எந்தக் கோப்பு வேண்டும் என்று இன்ஷா அல்லாஹ் பார்த்துச் சொல்கிறேன்.