யாருமற்றவர்க்கு ஒரு கை நீர்

மதுரை கடற்கரை ஊர் அன்று. ஆயினும் மதுரைக்கும் கடலுக்கும் புராண காலந்தொட்டே தொடர்பு உண்டு. காஞ்சனமாலை நீராடுவதற்காகச் சொக்கநாதப் பெருமான் ஏழு கடல்களையும் வரவழைத்த இடம் இன்றும் எழுகடல் தெரு என்றே வழங்குகிறது. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் ‘கடல் சுவற வேல் விட்ட படலம்’ வேறொரு வரலாற்றைக் கூறும். இந்திரனின் தூண்டுதலால் வருணன் நள்ளிரவில் மதுரையின் மீது கடலை ஏவினான். உறங்கிக்கொண்டிருந்த உக்கிரபாண்டியனின் கனவில் சோமசுந்தரக் கடவுள் சித்தராகத் தோன்றி எச்சரித்தார். மன்னன் விழித்தெழுந்து வேலை எறிய, பொங்கி வந்த கடல் சுவறிற்று.

அப்படலத்தில் வேலுக்கு முன்னே வருவது எச்சரிக்கை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், மார்கழிப் பௌர்ணமி ஞாயிறன்று, கரையோர மக்களுக்குக் கிட்டாமற்போனது அந்த எச்சரிக்கைதான். இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவின் மேற்கே கடலடி நிலம் 9.1 அளவில் அதிர்ந்தது. பேரலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும், முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது 2007-இல்தான்.

பதினான்கு நாடுகளில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பிரிந்தன. இந்தோனேசியாவில் மட்டும் 1,60,000-க்கும் மேல். இலங்கையில் 30,000-க்கும் மேல். அங்கே அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு மாவட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் பல வேரோடு சாய்ந்தன. தெற்கே பெரலியவில் ஓர் இரயிலில் இருந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாய்லாந்துக் கரையில் ஓய்வுக்கு வந்திருந்த சுவீடன், ஜெர்மனி நாட்டவரும் மடிந்தனர். பெருங்கடலின் மறுகோடியில் உள்ள சோமாலியா வரை அலை சென்று உயிர் குடித்தது. தமிழகத்தில் மறைந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் அழுவதற்கும் ஆளில்லாத வீடுகள் இருந்தன. வேளாங்கண்ணிக்கு வழிபட வந்திருந்த யாத்திரிகர்களும் அலைக்குத் தப்பவில்லை.

அன்று நாகையில் உடல்களைப் பெரும் பள்ளங்களில் ஒருசேர அடக்கம் செய்ய நேர்ந்தது. பலருக்குக் கொள்ளி வைக்க மகன் இல்லை. மகனும் அதே அலையில் போயிருந்தான். உடலே கிட்டாதோர் பலர். இறந்த திதி தெரியாதவர்க்கு மகாளய அமாவாசையில் நீர்க்கடன் செய்வது வழக்கம். இவர்களுடைய திதியையோ உலகமே அறியும். செய்வதற்குத்தான் எவரும் இல்லை.

இத்தகையோரையும் நம் முன்னோர் மறந்துவிடவில்லை. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரைச் சொல்லவந்த வள்ளுவர், தென்புலத்தாரையே முதலில் வைத்தார். விளாங்குடி போன்ற ஊர்களில் அமாவாசைதோறும் பெரியவர்கள் தருப்பையும் எள்ளும் கொண்டு தர்ப்பணம் செய்கின்றனர். தந்தை, பாட்டன், முப்பாட்டன், தாய்வழியினர் என ஒவ்வொருவருக்கும் பெயரும் கோத்திரமும் சொல்லி நீர் வார்த்தபின், பல குடும்பங்களின் மரபில் இறுதியாக ஒரு கை நீர் உண்டு. தாயோ தந்தையோ உறவோ நட்போ இல்லாது மறைந்தவர் எவராயினும் இதனால் நிறைவடைக என்பது அதன் கருத்து. அங்கே பெயர் சொல்வதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. அந்த நீர் நாகைக்கும் உரியது, முல்லைத்தீவுக்கும் உரியது, சுமத்ராவுக்கும் உரியது.

எழுந்திருக்கும் அவசரத்தில் அந்தக் கடைசி நீரைச் சிலர் விரைந்து வார்த்துவிடுவது உண்டு. உள்ளதில் நிதானமாகச் செய்ய வேண்டியது அதுவே. தன் தந்தைக்கு நீர் வார்ப்பது மகனின் கடமை. முன்பின் அறியாதவர்க்கு வார்ப்பது கருணை.

தர்ப்பண மரபு இல்லாத இல்லத்தாரும் பெண்மக்களும் மார்கழிப் பௌர்ணமியில் திருக்கோயிலில் மோட்ச தீபம் ஏற்றலாம். பெற்றோரை இழந்த ஒரு குழந்தைக்கு அன்று அன்னமிடலாம். பேரலைக்குப் பின் நாகையில் ‘அன்னை சத்யா’ அரசு காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் போல, யாருமற்றவர் உயிரோடு இருப்போரிலும் உண்டு. அவர்களுக்கு இடும் அன்னமும் நீத்தார்க்கு வார்க்கும் நீரோடு சேரும்.

கடலைச் சுவறச் செய்த சோமசுந்தரப் பெருமானின் திருவடி நிழலில் அவ்வுயிர்கள் யாவும் இளைப்பாறுக.