கைத்தொலைபேசியில் ஒரு கடைவாசல்



நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் ஹெந்தளை ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு ராத்தா போனும் கையுமாக வந்தார். கணவரின் சம்பளம் மாதக் கடைசிவரை வராத குடும்பம். வட்டிலப்பம், சீனி சம்பல், சமோசா என்று வீட்டிலேயே செய்து விற்கிறவர். கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது.

"மகள் பேஸ்புக்கில பக்கம் ஒன்று திறந்து தந்திருக்கா. மூவாயிரம் பேர் லைக் போட்டிருக்காங்க. ஆனா ஓர்டர் வாறது பழைய பத்துப் பதினைந்து வீட்டில இருந்துதான். இது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். லைக் போட்டவர்களில் பெரும்பாலோர் நாம் கேள்விப்படாத ஊர்க்காரர். மகளை விசாரித்ததில் உண்மை வந்தது. யாரோ ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபா கொடுத்து அந்த லைக்குகளை வாங்கியிருந்தாள்! எங்கோ கண்காணாத நாட்டில் இருப்பவர் ஹெந்தளைக்கு வந்து வட்டிலப்பம் வாங்குவாரா? காசும் போயிற்று, கணக்கும் பொய்யாயிற்று.

இந்த மாதம் இதைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள் நம்மில் ஏராளம். 2020 மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கடைக்குப் போக முடியாத சனம் வட்ஸ்அப்பில் சாமான் கேட்டது. அன்று பலருக்குக் கிடைத்த பழக்கம் இன்றும் விடவில்லை. 2022 இல் காஸும் மாவும் தட்டுப்பட்டு விலை ஏறிய நாட்களில், வீட்டுச் சமையலை விற்றுக் குடும்பத்தைக் காத்த பெண்களும் உண்டு. ஒரு காலத்தில் விளம்பரம் என்றால் வானொலிக்கும் பத்திரிகைக்கும் காசு கட்டக்கூடிய பெரிய கம்பனிகளின் காரியம். இன்று குசினியில் நிற்கும் பெண்ணின் கையிலும் அது இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்வோம். பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், டிக்டொக் எல்லாம் இரவல் வாசல்கள். வாசலில் நாலு பேர் எட்டிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே வந்து காசு கொடுப்பவர், நம்மை நம்பித்தான் கொடுக்கிறார். வாசல் இரவல், நம்பிக்கை மட்டும்தான் நமது சொந்தம்.

வாசலை ஒழுங்கு செய்வது எப்படி?

உங்கள் சொந்தப் பெயரில் உள்ள கணக்கில் வியாபாரம் செய்யாதீர்கள். தொழிலுக்கென்று தனிப் பக்கம் திறவுங்கள். அதற்குக் காசு இல்லை. போனுக்கும் ஒரு தனி சிம் எடுப்பது நல்லது. குடும்ப நம்பருக்கு இரவு பதினொரு மணிக்கு அந்நியர் அழைக்கும் தொல்லை அப்போது இராது. வியாபாரத்துக்கென்றே 2018 இல் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலி இலவசம். அதில் பண்டங்களைப் படத்தோடும் விலையோடும் வரிசைப்படுத்தி வைக்கலாம். நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது செய்தி வந்தால், "பிறகு பதில் தருகிறேன்" என்று அதுவே சொல்லிவிடும்.

படம் எடுக்க விலை உயர்ந்த கெமரா வேண்டாம். காலை வெளிச்சம் விழும் ஜன்னலோரம், சுத்தமான துணி ஒன்று, நீங்கள் செய்த பண்டம். அவ்வளவுதான். வேறு யாருடைய படத்தையும் எடுத்துப் போடாதீர்கள். படத்தில் முந்திரிப் பருப்பு நிறைந்திருக்க, வீட்டுக்கு வந்த பாத்திரத்தில் நாலே நாலு பருப்பு இருந்தால், வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். மக்களைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், நமது மனச்சாட்சிக்கே அது அடுக்குமா? முகம் காட்ட விருப்பமில்லாத சகோதரிகள் முகம் காட்டத் தேவையே இல்லை. மாவு பிசையும் கையும் ஆவி பறக்கும் சட்டியும் போதும்.

விலையை வெளிப்படையாக எழுதுங்கள். "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க" என்று எழுதுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. ஆளைப் பார்த்து விலை சொல்கிறாரோ என்ற சந்தேகம்தான் அதனால் வரும். எத்தனை பேருக்குக் காணும், எத்தனை நாள் வைக்கலாம், எந்த நேரத்துக்குள் ஓர்டர் தரவேண்டும், அனுப்பும் கூலி எவ்வளவு என்பனவும் இருக்கட்டும். ஹெந்தளை, வத்தளைப் பக்கம் நமது அயலவர் தமிழும் பேசுவர், சிங்களமும் பேசுவர். ஆகவே இரண்டு மொழியிலும் எழுதுங்கள். பெருநாள் வட்டிலப்பத்துக்கு ஆசைப்படாத அயலவர் யார்?

ஹலால் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சான்றிதழ் பெறாமல் ஹலால் முத்திரையைப் படத்தில் ஒட்டாதீர்கள். இறைச்சியை எங்கே வாங்குகிறீர்கள், யார் சமைக்கிறார் என்று உள்ளதை எழுதினால் போதும். தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஆலோசனை கேளுங்கள்.

குழுவா, பட்டியலா?

பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எல்லாரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். குழுவில் சேர்ந்தால் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியும். நம்மிடம் சமோசா வாங்கிய பாவத்துக்கு ஒரு பெண்ணின் நம்பர் நூறு பேர் கைக்குப் போகலாமா? அது நம்மிடம் இருக்கும் அமானத் அல்லவா?

அதற்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். நீங்கள் அனுப்பும் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. உங்கள் நம்பரைத் தமது போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி சேரும் என்பதால், முதல் ஓர்டரின்போதே "நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தினமும் அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை போதும்.

காசு கட்டி விளம்பரம் செய்வதானால், லைக் வியாபாரியிடம் போகாமல் பேஸ்புக்கிலேயே செய்யுங்கள். எந்த ஊரைச் சுற்றி எத்தனை கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்குக் காட்டவேண்டும் என்று நாமே குறிக்கலாம். சிறு தொகையோடு இரண்டு மூன்று நாள் செய்து பாருங்கள். எத்தனை லைக் வந்தது என்று பாராமல், எத்தனை ஓர்டர் வந்தது என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

குறை சொல்லும்போது

இனி ராத்தாவின் கதைக்கு வருவோம். அதே பெருநாளில் ஒரு வீட்டுக்குப் போன வட்டிலப்பம் வழியில் வெயில் பட்டு உடைந்து தண்ணீர் விட்டுவிட்டது. அந்தப் பெண் பக்கத்திலேயே எழுதிவிட்டார்: "காசுக்கு ஏற்ற சாமான் இல்லை." ராத்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதை அழித்துவிடலாம் என்றாள் மகள்.

நான் வேண்டாம் என்றேன். அந்தக் குறைக்குக் கீழேயே, "பிழை எங்களுடையது. மன்னியுங்கள். நாளைக்கு வேறொன்று அனுப்புகிறோம், காசு வேண்டாம்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார், சொன்னபடி அனுப்பியும் வைத்தார். அந்தப் பெண் மறுபடி வாங்கினாரா என்று கேட்காதீர்கள், இதுவரை இல்லை. ஆனால் அந்தப் பதிலைப் படித்த வேறு சிலர் வாங்கினார்கள். குறையே இல்லாத கடையை எவரும் நம்புவதில்லை. குறையை ஒப்புக்கொள்ளும் கடையைத்தான் நம்புகிறார்கள்.

அதே வாசலால் வரும் தீ

நம்பிக்கையைச் சுமந்து வரும் அதே வழியில் வதந்தியும் வரும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகக் கூட்டம் கூடித் தாக்கியது. மிரட்டப்பட்ட நிலையில் கடைக்காரர் தலையாட்டிய காட்சி பேஸ்புக்கில் பரவியது. அது மாத்திரை அல்ல, வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் சோதனை பின்னர் சொன்னது. அதற்குள் கடை போய்விட்டது. அடுத்த வாரம் திகனையிலும் கண்டிப் பகுதியிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்தக் கலவரத்தில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனமே வருத்தம் தெரிவித்தது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இரண்டு பாடங்களுக்காக. ஒன்று, உறுதியில்லாத செய்தியை, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும், போட்டிக் கடையைப் பற்றியதாக இருந்தாலும், நாம் கைமாற்றக் கூடாது. ஒருவருடைய பிழைப்பு அதில் போய்விடும். மற்றது, நம்மைப் பற்றி வதந்தி வரும் நாளில் நமக்காகப் பேசப்போகிறவர் நம்மிடம் வாங்கிச் சாப்பிட்ட அயலவர்தான். சிங்கள வீட்டுக்கும் கத்தோலிக்க வீட்டுக்கும் நமது பண்டம் போய்ச் சேர்ந்திருப்பது வெறும் வியாபாரம் அல்ல, அது ஒரு பாதுகாப்பு.

வாசல் மூடும் நாள்

இரவல் வாசல் என்றேன் அல்லவா? அதை எந்த நேரமும் மூடலாம். 2018 மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. ஒரு வாரத்துக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் மறுபடி தடை. அது நீங்கி இரு வாரம் ஆகுமுன், மே 13 இல், நோன்பு மாதத்திலேயே இன்னொரு தடை. 2022 ஏப்ரல் 3 இல், ரமழான் பிறந்த நேரத்தில், மேலும் ஒரு தடை. அரசாங்கம் தடுக்காமலும் நிற்கும். 2021 ஒக்டோபர் 4 இரவு அந்நிறுவனத்தின் சொந்தக் கோளாறினால் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன.

ஆகவே வாடிக்கையாளரின் பெயர், நம்பர், விருப்பம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாசல் மூடினால் சாதாரண அழைப்பில் பேசலாம்.

திருடரும் உண்டு. தெரிந்தவர் பெயரில் செய்தி வரும்: "உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அதை அனுப்புங்கள்." அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளரிடமே காசு கேட்பார். அந்த எண்ணை எவருக்கும் கொடுக்காதீர்கள். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். வங்கியில் காசு கட்டியதாக ஸ்லிப் படம் அனுப்பினால், உங்கள் கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பின்பே சாமானைக் கொடுங்கள். பொய் ஸ்லிப் செய்வது இன்று சுலபம்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை

மாதர் சங்கங்கள், பழைய மாணவியர் சங்கங்கள், பள்ளிவாசல் நலன்புரிக் குழுக்கள் எல்லாமே இன்று பக்கம் வைத்திருக்கின்றன. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் மூழ்கியபோது, எங்கே உணவு வேண்டும், எங்கே படகு வேண்டும் என்ற செய்திகள் இவ்வழியாகவும் பறந்தன. நல்ல பயன்தான். ஆனால் உலருணவுப் பொதி வாங்கும் ஏழைத் தாயின் முகத்தைப் படம் பிடித்துப் போடுவது எதற்கு? நாளை அவள் பிள்ளையின் வகுப்புத் தோழி அதைப் பார்ப்பாள். பொதிகளின் படத்தைப் போடுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற கணக்கைப் போடுங்கள். கொடுத்தவர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

ராத்தா இப்போது அந்த மூவாயிரத்தை மறந்துவிட்டார். கொப்பியில் அறுபத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் நூறு ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. சென்ற கிழமை வந்தபோது மகள் எடுத்த புதுப் படத்தைக் காட்டினார். பழைய அலுமினியப் பாத்திரத்தில் வட்டிலப்பம், பக்கத்தில் விலை, கீழே சிங்களத்தில் ஒரு வரி.

"பருப்பு கொஞ்சம் குறைவாத் தெரியுது, பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"நீங்க போடுறது அவ்வளவுதானே ராத்தா?"

"ஓம்."

"அப்ப அப்படியே போடுங்க."

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.