மழைக்கு ஒரு மீனின் பெயர்

தாலியை விற்றாவது புலஸ மீன் தின்ன வேண்டும் என்று கோதாவரிக் கரையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பக்கத்துப் பெண்மணிகள் இதைச் சிரித்துக் கொண்டேதான் சொல்வார்கள். ஆடி மாதத்தில் அது விற்கிற விலையைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வராது! மீன் வாசனையே ஆகாத சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையல் குறிப்பு அல்ல.

புலஸ என்பது நம் பக்கத்து உல்லம்; வங்காளத்தில் இலிஷ். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு வரும் மீன். பிரசவத்துக்குப் பிறந்தகம் வரும் பெண் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். எப்போது புறப்படும் என்று கோதாவரிக் கரையில் கேட்டால், "ஜலம் சிவக்கட்டும்" என்பார்கள். மேற்கே மழை பெய்து, மண் கரைந்து, வெள்ளம் சிவப்பாக இறங்கும்போது வலைகள் தயாராகிவிடும். வங்காளத்தில் அடையாளம் வேறு. ஆனி, ஆடியில் கீழ்க்காற்று வீசி, குடையை விரிப்பதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் பொடித் தூறல் விழுந்தால், அதற்கு இலிஷ் தூறல் என்றே பெயர். மழைக்கு மீனின் பெயரைச் சூட்டிய ஜனங்களை என்னவென்று சொல்வது!

தூறல் மீனைக் கூப்பிடுவதில்லை. மழை வெள்ளம் கழிமுகத்தை அடையும்போது அங்கே உப்பு குறைகிறது, ஜலம் கலங்குகிறது, ஓட்டம் பலக்கிறது. கடலில் இருக்கும் மீனுக்கு அதுதான் அழைப்பு. பௌர்ணமி, அமாவாசைகளில் பொங்கும் கடலேற்றம் அதை ஆற்றுக்குள் தள்ளிவிட உதவுகிறது. அமெரிக்காவில் இதற்கு ஷாட் என்று ஓர் ஒன்றுவிட்ட சகோதரி உண்டு. அங்கே ஆற்றோரத்தில் ஒரு செடி வெள்ளையாகப் பூத்தால் ஷாட் வந்துவிட்டது என்று அர்த்தம். செடிக்கே ஷாட் புதர் என்று பெயர். பூவும் மீனும் ஒன்றையொன்று அறியா. குளிர் விட்டு வெதுவெதுப்பு வந்தது இரண்டுக்கும் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அடையாளம் சரியாக இருந்தும் மீன் வராமல் போவதுண்டு. ஒரு காலத்தில் இலிஷ் கங்கையில் ஏறி அலகாபாத்துக்கும் அப்பால் போயிற்று. 1975-ல் பராக்கா அணை வந்த பிறகு மேலே உள்ள ஊர்களில் அது அபூர்வமாகிவிட்டது. நம் காவேரியிலும் உல்லம் ஏறியதுண்டு. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் அந்த வரத்து போயிற்று. வெள்ளம் வராத ஆற்றுக்கு மீன் எதை நம்பி வரும்?

கிழக்கு வங்காளத்துக் குடும்பங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் லக்ஷ்மி பூஜையோடு இலிஷுக்கு விடை கொடுத்துவிடுவார்கள். பிறகு தை, மாசியில் ஸரஸ்வதி பூஜை வரும் வரை சமையலறைக்குள் அதற்கு இடமில்லை. கிழவிகள் காரணம் சொல்லவில்லை; "ஆகாது" என்றார்கள், மருமகள்கள் கேட்டுக் கொண்டார்கள். அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான் மீன் மும்முரமாக முட்டையிடுகிறது என்று பின்னால் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். பெரிய மீன் ஒன்று பத்து லட்சத்துக்கு மேல் கூட முட்டையிடும். 2011-ல் பங்களாதேஷ் சர்க்கார் அந்தப் பௌர்ணமிக்கு முன் 5 நாள், பின் 5 நாள், ஆக 11 நாள் பிடிக்கக் கூடாது என்றது. 2016-ல் அது 22 நாள் ஆயிற்று. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளை நவம்பரிலிருந்து ஜூன் வரை தொடக்கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. பாட்டிகளின் பட்டினி மூன்றரை மாதம்! சர்க்கார் அவ்வளவு தூரம் போகவில்லை.

ஸரஸ்வதி பூஜையன்று அந்த வீடுகளில் ஜோடி இலிஷ் வாங்கி வருவார்கள். வாசலிலேயே நிறுத்தி, எண்ணெய் தடவி, குங்குமம் இட்டு, குலவையிட்ட பிறகுதான் மீன் அடுப்பங்கரைக்குப் போகும்.